சத்தத்தின் நடுவே உட்காருவது
(மூளைக்குள் தியானம் – 7)

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓடும் பட்டறைக்குள் முதல் நாள் நுழைபவர், ஒவ்வோர் அடிக்கும் தோள் அதிர நிற்பார். சில வாரம் போனால் அதே பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறப்பார். ஆவடியில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களும் இப்படித்தான். எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடக்கும்போது வந்த விருந்தாளிதான் திடுக்கிடுவார். வீட்டுக்காரர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

தியானம் பழகுகிறவர்களும் சத்தம் தங்களைத் தொந்தரவு செய்வதில்லை என்கிறார்கள். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? பிரஸ் ஷாப்பில் தானாக வருவதற்குக் காலை நாலு மணிக்கு எழுந்து கண்ணை மூடி உட்காருவது எதற்கு? இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது, மூளையின் மின்பதிவில் நொடிக்கு 8 முதல் 13 முறை எழுந்து விழும் ஆல்ஃபா அலை தெரியும். திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் அந்த அலை கலைந்துவிடும். மூளை திரும்பிப் பார்த்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தில்லி எய்ம்ஸில் பி.கே. ஆனந்தும் அவருடைய சகாக்களும் 1961-இல் வெளியிட்ட ஆய்வு இந்த அடையாளத்தைத்தான் யோகிகளிடம் தேடியது. பலத்த ஓசை எழுப்பினார்கள், கண்ணில் வெளிச்சம் பாய்ச்சினார்கள், சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். சாதாரணமாக இருந்தபோது யோகிகளின் ஆல்ஃபாவும் கலைந்தது. தியானத்தில் ஆழ்ந்தபோது எதற்கும் கலையவில்லை. ஆனால் இப்படிச் சோதிக்கப்பட்டவர்கள் இரண்டே பேர்.

ஐந்து ஆண்டுகள் கழித்து டோக்கியோவிலிருந்து நேர் எதிரான முடிவு வந்தது. கசாமட்சு, ஹிராய் இருவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வில் ஜென் துறவிகளுக்கு ‘டிக்’ என்ற ஓசை திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட்டது. பயிற்சி இல்லாதவர்களின் மூளை சில முறை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு பொருட்படுத்தவில்லை. அம்பத்தூர்த் தொழிலாளிக்கு நடப்பது இதுதான். தேர்ந்த துறவிகளின் ஆல்ஃபாவோ ஒவ்வொரு ‘டிக்’குக்கும் முதல்முறை கேட்பது போலக் கலைந்து, சில நொடிகளில் மீண்டும் அமைதிக்குத் திரும்பியது. அவர்களுக்குச் சத்தம் பழகவே இல்லை! ஒரே பொருளில் மூழ்கும் யோகிக்கும், வருவதையெல்லாம் கவனித்து விட்டுவிடும் ஜென் துறவிக்கும் பயிற்சி வேறு, மூளையில் விளைந்ததும் வேறு என்று பலரும் இதற்கு விளக்கம் சொன்னார்கள். அழகான விளக்கம்தான். ஆனால் 1981-இல் பெக்கர், ஷப்பைரோ இருவரும் அமெரிக்காவில் இதே மாதிரிச் சோதித்தபோது யோகம், ஜென், ஆழ்நிலைத் தியானம் பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 1960-களின் முடிவுகளை மட்டும் மேடையில் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னைக் கவர்ந்தது 2009-இல் கான், போலிச் இருவரும் வெளியிட்ட ஆய்வு. அதில் கலந்துகொண்டவர்கள் விபாசனா என்ற தியானமுறை பழகிய 16 பேர். ஒரே தொனி திரும்பத் திரும்ப ஒலிக்கும். நடுநடுவே எதிர்பாராமல் கரகரவென்று ஓர் இரைச்சல் வரும். அப்படிப்பட்ட இரைச்சல் கவனத்தைப் பிடித்து இழுக்கும்போது, ஏறக்குறைய 300 மில்லிநொடியில் மூளையில் ஓர் அலை எழும். அதே ஆட்கள் மனத்தை அலையவிட்டு இருந்தபோது எழுந்ததைவிட, தியானத்தில் இருந்தபோது அந்த அலை சிறிதாக இருந்தது. தினமும் அதிக நேரம் உட்காருபவர்களிடம் வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது. அலை அடியோடு மறையவில்லை. காது அடைத்துக்கொள்ளவும் இல்லை. ஓசை வந்து மனத்தைக் கூட்டிக்கொண்டு போவதுதான் குறைந்தது.

இந்த விபாசனாவை நம் பக்கத்திலேயே கற்றுக்கொள்ளலாம். குன்றத்தூருக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது. மண்டலேயில் பிறந்து, 1969-இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய எஸ்.என். கோயங்கா பரப்பிய முறை. பத்து நாள் முகாம், பேச்சு கிடையாது, கட்டணமும் கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சு. பிறகு உடலில் தோன்றும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றிக் கவனிப்பது. மந்திரம் இல்லை, எனவே சத்தத்தை மறைக்கவும் எதுவும் இல்லை. வெளியே லாரி போனால் அதையும் கேட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தியானம் பழகும் பட்டறைத் தொழிலாளியிடம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சத்தம் பழகிவிட்டாலும் சரி, மனம் அதன் பின்னால் போகாவிட்டாலும் சரி, உட்காதிலுள்ள மயிரிழைச் செல்களுக்கு அது தெரியாது. அவை அடிபட்டு அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் தொழிற்சாலை விதிகள் அனுமதிக்கும் உச்சம். அதற்கு மேல் போகும் இடத்தில் காதுக் காப்பு தர வேண்டியது முதலாளியின் கடமை. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இஎஸ்ஐ-யில் அதற்கு இழப்பீடு கோரவும் வழி உண்டு. எதிரே இருப்பவர் பேசுவது கேட்காமல் இரண்டாம் முறை கேட்கத் தொடங்கிவிட்டால், தியான வகுப்புக்குப் போவதற்கு முன்னால் ஆடியோமெட்ரி என்ற செவித்திறன் சோதனை எடுத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)