பாட்டுப் பெட்டி பேச மறுத்தால்...

பதிவு செய்த பாட்டுக்கும் நம் கொல்கத்தாவுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1902 நவம்பரில் கௌஹர் ஜான் இந்நகரில் ஒரு ஹோட்டல் அறையில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். இசைத்தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில். அங்குள்ளவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே! பின்னர் டம் டம் ஆலையிலிருந்து கோடானுகோடி இசைத்தட்டுகள் நாடெங்கும் போயின. அந்தக் கம்பெனியின் வாரிசான சரிகம, 2017-ல் கொண்டுவந்த கார்வானின் தமிழ்ப் பெட்டியில் 5000 பாடல்கள். கூடவே பென்டிரைவ் செருகவும் ஓர் இடம்.

பெட்டியோடு வரும் சினிமாப் பாட்டு போனால் மறுபடி வாங்கலாம். பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் நாம் ஏற்றி வைத்திருப்பது வேறு சரக்கு. அப்பா பாடிய திருப்புகழ், சங்க மேடையில் குழந்தைகள் போட்ட நாடகம், பழைய கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டியின் தாலாட்டு. இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. ஒருநாள் பெட்டி 'பாட்டு இல்லை' என்கிறது; கணிப்பொறியில் செருகினால் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்கிறது. தயவு செய்து 'சரி' என்று அமுக்கிவிடாதீர்கள்!

அநேகமாகப் பாட்டுகள் எங்கும் போய்விடவில்லை. அலிப்பூர் தேசிய நூலகத்தில் ஒருநாள் அட்டவணைக் கார்டுகள் கலைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்கள் அலமாரியில்தான் இருக்கும், எது எங்கே என்றுதான் தெரியாது. இதுவும் அப்படித்தான். ஃபேட் என்பது 1977-ல் பிறந்த அட்டவணை முறை. 1996-ல் வந்த ஃபேட்32-ஐத்தான் பாட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் படிக்கும். ஒரு பாட்டு துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடக்கலாம். முதல் துண்டு எங்கே, அதற்கடுத்தது எங்கே என்று சங்கிலியாகக் குறித்து வைப்பது இந்த அட்டவணை. பெரும்பாலும் அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தாலோ, யாராவது வெடுக்கென்று பிடுங்கினாலோ சங்கிலி அறுந்துவிடும்.

இனி வைத்தியம். முதல் வேலை, அந்தக் கார்டில் புதிதாக எதையும் எழுதாமலிருப்பது. எழுதினால் பாட்டி பாடிய இடத்தில் வேறு ஏதாவது உட்கார்ந்துவிடும்; பிறகு பிரம்மாவாலும் முடியாது. அடுத்து, கார்டு முழுவதையும் அப்படியே 'டிஸ்க் இமேஜ்' ஆகக் கணிப்பொறியில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். பலர் அவசரத்தில் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். நகல் கையில் இருந்தால் விண்டோஸின் 'செக்டிஸ்க்' கட்டளையைத் துணிந்து ஓட்டலாம். சிறு கோளாறென்றால் அதிலேயே சரியாகும். அறுந்த துண்டுகளை .சிஎச்கே என்ற வாலோடு தனி உறையில் போட்டு வைக்கும்.

அட்டவணையே அழிந்திருந்தால் செக்டிஸ்க் கையை விரித்துவிடும். அப்போது ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் உதவும். பெயர்தான் ஃபோட்டோ, பாட்டையும் தேடும். அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. அலமாரி அலமாரியாகப் போய், எம்பி3 தொடங்கும் அடையாளத்தைக் கண்டு பொறுக்கி எடுக்கும். துண்டு துண்டாகச் சிதறிய பாட்டு சில வேளை பாதியில் நின்றுவிடும். எடுத்ததை வேறு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். எல்லாம் பத்திரமான பிறகு கார்டை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்துகொள்ளலாம். அடிக்கடி இப்படி ஆனால் கார்டின் மேலேயே சந்தேகம் வரட்டும். மேலே 64 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலிகளும் உண்டு.

லேக் மார்க்கெட் பக்கத்து அன்பர் ஒருவர் வீட்டில் இவ்வாறு மீட்டதில் பெரும்பாலானவை வந்துவிட்டன. ஆனால் பெயர்கள் வரவில்லை. எல்லாம் வெறும் எண்கள். அவருடைய தாயாருக்கு வயது எண்பதுக்கு மேல். தினமும் சாயங்காலம் காபிக்குப் பின் நாலைந்து பதிவுகளைக் கேட்டு, 'இது உங்க தாத்தா, மாம்பலத்து வீட்டுல', 'இது சின்ன அத்தை, ஜலதோஷத்தோட பாடறா' என்று சொல்லச் சொல்ல, பேரன் பெயரிட்டு வருகிறான். பாதிக்கு மேல் முடிந்துவிட்டதாம்.