ஆசிரியர் வருகையும் ஊரார் பொறுப்பும்

ஊரில் பள்ளிக் கட்டிடம் எழும்பிவிட்டால் கல்வி வந்துவிட்டதென்று நாம் மகிழ்கின்றோம். ஆனால் ஆசிரியர் வந்து பாடம் நடத்திய நாளே உண்மையில் பள்ளி நடந்த நாளாகும். 2003-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் நம் நாட்டின் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபோது, நூற்றுக்கு 25 ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை.

இதற்குப் பரிகாரம் உண்டா? ராஜஸ்தானத்து உதயப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனம் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தி வந்தது. அவற்றை அன்றாடம் சென்று பார்ப்பது எளிதன்று. ஆகவே, 2003-இல் எஸ்தர் தூஃப்லோ முதலிய பொருளியல் அறிஞர்களுடன் சேர்ந்து அந்நிறுவனம் ஒரு சோதனை தொடங்கிற்று. ஏறத்தாழ 60 பள்ளிகளுக்குப் புகைப்படக் கருவி அளிக்கப்பட்டது. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் மாணவர் ஒருவர் ஆசிரியரையும் பிள்ளைகளையும் படம் எடுப்பார். படத்தில் பதியும் தேதியையும் நேரத்தையும் எவராலும் மாற்ற இயலாது. இரு படங்களுக்கும் இடையே ஐந்து மணி நேரமேனும் கழிந்து, எட்டுப் பிள்ளைகளேனும் படத்தில் இருந்தால்தான் ஒரு நாள் வருகை. மாதச் சம்பளம் 500 ரூபாய்க்குக் குறையாது. பத்து நாளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாள் வருகைக்கும் 50 ரூபாய் கூடும்.

கருவி இல்லாத பள்ளிகளில் நூற்றுக்கு 42 நாள் ஆசிரியர் வரவில்லை. கருவி வைத்த பள்ளிகளில் அது 21 ஆகக் குறைந்தது. பிள்ளைகளின் தேர்ச்சியும் உயர்ந்தது.

எனினும் கருவி ஒன்றே போதுமென்று நாம் எண்ணலாகாது. அதே மாவட்டத்தில் 2006-இல் அரசாங்கச் செவிலியர் வருகைக்கு நேரம் பதியும் பொறி வைக்கப்பட்டது. முதற் சில மாதங்கள் பயன் தெரிந்தது. பின்னர் அதிகாரிகள் 'விலக்கு நாள்' தாராளமாக வழங்கினர். ஒன்றரை ஆண்டுக்குள் பயன் முற்றும் மறைந்தது. பொறி பொய் சொல்லவில்லை. கணக்குத்தான் சம்பளத்தைத் தொடவில்லை.

இது நம் அங்கத்தினர்கள் அறியாததன்று. நெய்த துணியை அளந்து கூலி எழுதுகின்றோம். ஊற்றிய பாலை உற்பத்தியாளர் கண்முன்னே அளக்கின்றோம். அளந்த கணக்கை மறைவில் திருத்தினால் சங்கம் நிலைக்குமா?

நீதியும் வேண்டும். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கு ஆகிய பணிகளுக்கு ஆசிரியரை அரசாங்கமே அழைக்கின்றது. அந்நாட்களையும் முறையான விடுப்பையும் தனியே குறித்தல் கடமை. இல்லையேல் ஒழுங்காக உழைப்பவரும் பழி சுமப்பார்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர் ஒழுங்காகவும் நேரம் தவறாமலும் வரவேண்டுமென்று விதிக்கின்றது. அரசாங்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டுமென்பதும் அச்சட்டமே. பள்ளி நடக்கும் விதத்தைக் கண்காணிப்பது அக்குழுவின் வேலை. சங்கப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவைக் கேட்கும் அங்கத்தினர்கள், பள்ளிக் குழுக் கூட்டத்திற்கும் தவறாது சென்று, மாதந்தோறும் எத்தனை நாள் பாடம் நடந்ததெனக் கேட்பார்களாக. பகையின்றி, மரியாதையுடன், விடாது கேட்பதே நம் குழந்தைகளுக்கு நாம் செய்யத்தக்க கூட்டுறவாகும்.