உஷார்! அந்தப் பொன்னுலகில் கழிவை அள்ளுவது யார்?

கிள்ளான் வாசகர்களே, பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் வாங்கும் பெற்றோரே, உஷாராக இருங்கள்! கொடுங்கோல் ஆட்சியைக் காட்டும் கதை என்றால் எல்லோரும் விழிப்போடுதான் படிக்கிறோம். பசியில்லை, பணமில்லை, சண்டையில்லை என்று பொன்னுலகம் காட்டும் கதையில்தான் அசந்துவிடுகிறோம். அரசியல் கொள்கை சத்தமில்லாமல் உள்ளே நுழைவது அப்போதுதான்.

தாமஸ் மோர் எழுதி 1516-ல் வெளிவந்த 'உட்டோப்பியா'வைப் பாருங்கள். தனிச்சொத்து கிடையாது, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வேலை. கேட்கவே இனிக்கிறது. ஆனால் ஆடுமாடு அறுப்பதும் அழுக்கு வேலையும் அடிமைகள் தலையில். வெளியூர் போக அனுமதிக் கடிதம் வேண்டும். அது இல்லாமல் இரண்டாம் முறை பிடிபட்டால் குடிமகனும் அடிமைதான்.

நமக்குப் பிடித்தவர் எழுதினாலும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். பெரியாரின் 'இனிவரும் உலகம்' நூலில் சட்டைப்பைக்குள் கம்பியில்லாத் தந்தி வருகிறது. கைப்பேசியை அன்றே சொன்னார் என்று பெருமையோடு பகிர்கிறோம். பொறுக்கியெடுத்த ஆண்களின் விந்தணுவை ஊசிவழி செலுத்தி நல்ல குழந்தைகளைப் பெறலாம் என்ற யோசனையும் அதே நூலில்தான் இருக்கிறது. பொறுக்குவது யார்? தகுதியில்லை என்று தள்ளப்படுபவர் யார்? பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்காதே என்று ஆயுள் முழுக்கப் போராடியவரிடமே இதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஏட்டுச் சமாச்சாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். நம் தாத்தா பாட்டிகள் இன்னொருவருடைய பொன்னுலகத்துக்குள் வாழ்ந்தவர்கள். லயம், கோயில், பள்ளி, கள்ளுக்கடை என்று எல்லாம் அமைந்த ரப்பர்த் தோட்டம், அதன் மேலாளரான துரையின் கண்ணுக்கு ஒழுங்கான உலகம். எதிரே துரை வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். 1941-ல் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பதோடு, அந்தச் சைக்கிள் வழக்கத்தை ஒழி, கள்ளுக்கடையை மூடு என்பவையும் கோரிக்கைகளாக எழுந்தன. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

பொன்னுலகக் கதைகளைத் தாராளமாகப் படியுங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள். கூடவே மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள்: அங்கே அழுக்கு வேலை யார் செய்கிறார்? பிடிக்காதவர் வெளியேற வழி இருக்கிறதா? மறுத்துப் பேசியவருக்கு என்ன ஆனது? இம்மூன்றுக்கும் கதையில் பதில் தேடாத பிள்ளை, நாளைக்குத் தேர்தல் மேடையில் இதே பொன்னுலகத்தை யாராவது விற்க வந்தாலும் கேள்வி கேட்காது.