இரத்த அழுத்த ஹார்மோன்களும் இதயத் தசைச் செல்லும்

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனியில் நிலவும் அழுத்தத்தை வென்று இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். எனவே, இரத்த அழுத்தம் உயருந்தோறும் இதயத் தசைச் செல்லின் வேலைப்பளுவும் உயர்கிறது. அழுத்தத்தைக் கூட்டும் ஹார்மோன்கள் இப்பளுவைச் சுமத்துவதோடு நில்லாமல், அச்செல்லின் அமைப்பையே மாற்றும் ஆற்றலும் உடையவை.

சிறுநீரகம் விடுக்கும் செய்தி

குருதியிழப்பு, வயிற்றுப்போக்கு போன்றவற்றால் இரத்தத்தின் பருமன் குறையும்போது சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. இதனை உணரும் ஜக்ஸ்டா குளாமருலார் செல்கள் ரெனின் என்னும் நொதியைச் சுரக்கின்றன. சிறுநீரகத்தில் இப்பொருள் இருப்பதை 1898ஆம் ஆண்டு சுவீடனில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் ஆகியோர் முயல்களைக் கொண்டு கண்டறிந்தனர்.

கல்லீரல் உருவாக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்னும் புரதத்தை ரெனின், ஆஞ்சியோடென்சின் I ஆக மாற்றுகிறது. பெரும்பாலும் நுரையீரலின் இரத்த நாளங்களில் உள்ள ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி, அதனை 8 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின் II ஆக்குகிறது. இது நுண்தமனிகளைச் சுருக்குகிறது; அட்ரினல் புறணியைத் தூண்டி ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கச் செய்கிறது. ஆல்டோஸ்டீரோன், சிறுநீரில் வெளியேறவிருந்த சோடியத்தை மீட்கிறது. அதனுடன் நீரும் மீள்கிறது. இரத்த அழுத்தம் இயல்புநிலைக்கு உயர்ந்ததும் ரெனின் சுரப்பு அடங்குகிறது. சில மணி நேரமோ சில நாள்களோ நீடிக்கும் இச்செயல் உயிரைக் காக்கிறது.

செல்லில் நிகழும் மாற்றம்

இவ்வமைப்பு அடங்காமல் ஆண்டுக்கணக்கில் இயங்கினால், காத்த ஹார்மோனே கேடு விளைவிக்கிறது. இதயத் தசைச் செல்கள் பிறந்த பின்னர் அரிதாகவே பிரிகின்றன. இளமைப் பருவத்தில்கூட, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு செல்லே புதிதாக ஈடுசெய்யப்படுகிறது. ஆகவே, மிகையான பளுவைச் சுமக்க அவை எண்ணிக்கையில் பெருகுவதில்லை, பருமனில் பெருக்கின்றன.

ஆஞ்சியோடென்சின் II, தசைச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியுடன் இணைகிறது. செல்லினுள் கால்சியம் அளவு உயர்கிறது. புரத உற்பத்தியைத் தூண்டும் மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன. பழைய சார்கோமியர்களுக்கு இணையாகப் புதிய சார்கோமியர்கள் அடுக்கப்பட, வெண்ட்ரிக்கிளின் சுவர் தடிக்கிறது. அதே வேளையில் ஆஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டீரோனும் நார்ச் செல்களைத் தூண்டிக் கொலாஜன் இழைகளைப் பெருக்குகின்றன. உடற்பயிற்சியால் தடிக்கும் இதயத்தில் இத்தகைய நார்ப்பெருக்கம் பொதுவாகக் காணப்படுவதில்லை என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

தடித்து விறைத்த சுவர் எளிதில் தளராது. ஆதலால் இதயம் போதிய அளவு நிரம்புவதில்லை. பருத்த செல்களுக்கு ஆக்சிஜனும் போதுமான அளவு கிடைப்பதில்லை. நாளடைவில் இதயம் வலுவிழக்கிறது. வலுவிழந்த இதயம் சிறுநீரகத்திற்குக் குறைவான இரத்தத்தையே அனுப்புகிறது. சிறுநீரகமோ அதனைக் குருதியிழப்பு எனக் கொண்டு மீண்டும் ரெனினைச் சுரக்கிறது. இவ்வாறு நோயே நோயை வளர்க்கும் சுழற்சி உருவாகிறது.

இதயத்தின் மறுமொழி

இதயம் இச்செய்திகளை ஏற்பதோடு நின்றுவிடுவதில்லை. தானும் செய்தி அனுப்புகிறது. 1981இல் கனடாவில் டி போல்ட் குழுவினர், எலியின் ஆரிக்கிள் திசுச்சாற்றை மற்ற எலிகளுக்குச் செலுத்தினர். அவ்வெலிகள் மிகுதியான சோடியத்தையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றின. ஆரிக்கிள் சுவர் விரிவடையும்போது சுரக்கும் ஏட்ரியல் நாட்ரியூரிட்டிக் காரணியே இதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 28 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த ஹார்மோன் இரத்த நாளங்களை விரிக்கிறது. ரெனின், ஆல்டோஸ்டீரோன் சுரப்பைக் குறைக்கிறது. இக்கண்டுபிடிப்பால் இதயம் ஒரு நாளமில்லாச் சுரப்பியாகவும் விளங்குவது உறுதியாயிற்று.

நஞ்சு தந்த மருந்து

பிரேசில் நாட்டு ஜரராகா என்னும் குழிவிரியன் பாம்பின் நஞ்சு, இரத்த அழுத்தத்தைப் பெரிதும் தாழ்த்தும். அந்நஞ்சிலுள்ள பெப்டைடுகள் ஆஞ்சியோடென்சின் மாற்று நொதியைத் தடுப்பது அறியப்பட்டது. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு கேப்டோப்ரில் என்னும் மருந்து உருவாக்கப்பட்டு, 1981இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதே வகையைச் சார்ந்த எனலாப்ரில், கடும் இதயச் செயலிழப்பு கொண்ட 253 பேரிடம் ஆராயப்பட்டது. 1987இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 6 மாதங்களில் அம்மருந்தைப் பெறாதவர்களில் 44 விழுக்காட்டினர் இறந்தனர்; பெற்றவர்களில் இறந்தோர் 26 விழுக்காட்டினர். சுழற்சியின் ஒரு கண்ணியைத் துண்டிப்பதே உயிர்காக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி எதனையும் காட்டுவதில்லை. இதயச் சுவர் தடிப்பதை அதனை உடையவர் உணர்வதுமில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைக் கடைப்பிடிப்பதும், இரத்த அழுத்தத்தை உரிய காலங்களில் அளந்தறிவதும், எளிதில் ஈடுசெய்ய இயலாத அச்செல்களைக் காக்கும் வழிகளாகும்.