தேரும் காவலும்

ஆடிப்பூர நன்னாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரிய தேரில் எழுந்தருளி வீதிவலம் வருகின்றனர். அண்டையிலுள்ள இராஜபாளையத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வந்து வடம் பிடிக்கின்றனர். எங்கேனும் தேர் விபத்து நேர்ந்தால், "இவ்விழாக்களை நிறுத்திவிட்டால் என்ன?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை எள்ளி ஒதுக்குவதற்கில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், தஞ்சை மாவட்டம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர்.

ஆயினும், உயிரைப் பறித்தது விழாவா, கம்பியா என்று பகுத்துணர வேண்டும் என்பேன்.

மாணவர்களே, தேரின் அபாயங்கள் மூன்று. முதலாவது, அதன் எடை. பெருநிறை ஒன்று அசைந்துவிட்டால் எளிதில் நில்லாது என்பதை நீங்கள் பௌதிகத்தில் படித்திருக்கிறீர்கள். சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடும் தொழிலாளர், தேரை நிறுத்தவும் திருப்பவும் தம் உயிரையே பணயம் வைத்தனர். இன்று திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களில் இரும்புச் சக்கரங்களும், திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளும் பொருத்தப்பட்டுள்ளன. தேரின் அழகு குன்றவில்லை, ஆபத்தே குறைந்தது.

இரண்டாவது, உயரம். சாலையை மேன்மேலும் மேடாக்கினால், தலைக்கு மேலுள்ள கம்பி தாழ்ந்ததற்கே சமம். ஆகவே ஆண்டுதோறும் புதிதாக அளந்து பார்த்து, தேர் நகரும் வேளையில் மின்சாரத்தைத் துண்டித்தல் வேண்டும்.

மூன்றாவது, கூட்டம். 1992ஆம் ஆண்டு கும்பகோணம் மகாமகத்தில் நெரிசலால் ஏறத்தாழ 50 பேர் மடிந்தனர். வடத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே எவரும் நில்லாமை, வெளியேறும் வழியை அடைக்காமை ஆகிய இரண்டும் செலவில்லாக் காவல்கள்.

நிறுத்துவது நியாயமாகும் காலமும் உண்டு. கொள்ளைநோய் பரவிய 2020, 2021 ஆண்டுகளில் ஆண்டாளின் பெரிய தேர் வீதிக்கு வரவில்லை. அப்போது மக்கள் கூடுவதே அபாயமாயிருந்தது. அதை விழாவினின்றும் பிரித்தெடுக்க இயலவில்லை. 2022இல் தேர் மீண்டும் ஓடியது. பிரிக்கக்கூடிய அபாயத்துக்கு மருந்து பொறியியலும் ஒழுங்கும்; பிரிக்க முடியாததற்கே நிறுத்தம்.

நெடுநாள் நின்ற தேரின் மரம் உளுத்துப்போகும். முட்டுக்கட்டை இடும் கைப்பழக்கமும் மறந்துபோகும். பழகிய கைகளின்றிப் பின்னொருநாள் இழுக்கப்படும் தேரோ முன்னிலும் கொடிய அபாயமுடையது. ஆதலின் விழாவைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள் என்பதே என் துணிபு.