செம்பருத்தி, பப்பாளியில் வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சியா? மருந்துக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

திண்டுக்கல்லில் வீட்டுத் தோட்டம் என்றாலே முதல் கேள்வி தண்ணீர்தான். குடத்தில் பிடித்து வைத்துப் புழங்கும் வீட்டில் செடிக்கு எவ்வளவு ஊற்ற முடியும்? அதனால்தான் முருங்கை, செம்பருத்தி, கறிவேப்பிலை, பாத்திரம் கழுவும் தண்ணீரிலேயே வளர்ந்துவிடும் பப்பாளி என்று தாக்குப்பிடிக்கும் செடிகளாகப் பார்த்து வைக்கிறார்கள்.

ஆனால் சித்திரை வெயிலுக்கே அசராத செடியையும் மாவுப்பூச்சி படுக்க வைத்துவிடும். குருத்திலும் இலைக்கு அடியிலும் பஞ்சு ஒட்டியது போல இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். பார்த்ததும் பலரும் ஓடுவது பூச்சிமருந்துக் கடைக்கு. சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான்.

2008-ல் என்ன நடந்தது?

மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம்ம கோவையில், 2008-ல். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என எல்லாவற்றிலும் பரவியது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை எளிதில் உள்ளே விடாது.

2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 'அசிரோபேகஸ் பப்பாயே' என்ற குட்டிக் குளவி பெங்களூருவுக்கு வரவழைக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி, தோட்டங்களில் விட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு, உள்ளேயிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். பயப்பட வேண்டாம், மனுஷங்களைக் கொட்டாது. மருந்தால் முடியாததை இந்தக் குளவி முடித்துக் காட்டியது.

வீட்டில் கடும் மருந்தை அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். மெழுகுக்குள் தப்பிய மாவுப்பூச்சி திரும்பப் பெருகும், தடுக்க ஆள் இருக்காது.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் எறும்பைக் கவனிங்க. மாவுப்பூச்சி விடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், குளவியை நெருங்க விடாது. எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது. அதிகம் தாக்கிய குருத்தை வெட்டிக் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்க. மற்ற இடங்களில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே உதிரும். அப்படியும் மீதி இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் கொஞ்சம் பெரிசா, வெள்ளை முடியோடு வேகமாக நகரும் புழு தெரிந்தால் நசுக்கிடாதீங்க. அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. பழுப்பு நிறத்தில் காய்ந்து, துளை விழுந்த கூடுகள் தெரிந்தால், குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் செடியில் வேப்பெண்ணெய்கூட வேண்டாம்.