செயற்கைப் புல்தரையும் சர்க்கரை நோயாளியின் பாதமும்

வீட்டு நீச்சல்குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல் விரிக்க எண்ணுவோர், குடும்பத்தில் சர்க்கரை நோயாளி இருப்பின், வெப்பத்தையே முதலில் கருத வேண்டும். இயற்கைப் புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இழைகளுக்கு அவ்வியல்பு இல்லை. கடும் வெயிலில் அவற்றின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். நரம்பு பாதிக்கப்பட்ட பாதம் அச்சூட்டை உணராது; கொப்புளம் எழுந்த பின்னரே தெரியவரும். அது ஆறாப் புண்ணாகவும் மாறலாம்.

ஆகவே, கருநிற ரப்பர் துகள்களைத் தவிர்த்து, மணல் நிரப்பிய வெளிர்நிறப் புல்லைத் தேர்ந்தெடுத்து, நிழலும் அமைக்குமாறு பரிந்துரைக்கிறோம். நீர் தெளிப்பது சிறிது நேரமே பயன்தரும். நோயாளி குளத்தின் விளிம்புவரை காலணியுடனேயே செல்லட்டும். உடனிருப்போர் நாள்தோறும் அவருடைய உள்ளங்கால்களைப் பாருங்கள். கொப்புளம் கண்டால் உடைக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.